ஒன்பதாவது செடி

சேசு மரி சூசை துணை

மெழுகுதிரித் திருநாள், பிப்ரவரி 2

அன்புள்ள வெரேனாவுக்கு,

உன் அத்தை நொட்புர்கா எழுதுவது. சர்வேசுரன் கிருபையால் உன் அப்பாவும் நானும் இங்கே சுகம். அந்த ஹாம்பர்க் ஈரக்காற்றில் நீயும் சுகமாக இருக்கவேண்டும் என்று தினமும் செபமாலையில் ஒரு பத்துமணி உனக்கென்றே தனியாகச் சொல்கிறேன்.

இங்கே பனி ஜன்னல் கட்டை வரை ஏறிவிட்டது. காலையில் பூசைக்குப் போக வாசலில் வழி வெட்டினேன் பார், இரண்டு முறை மண்வெட்டியைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டேன். வயது ஐம்பத்தாறு என்று உடம்பு கணக்காய்ச் சொல்கிறது. போலந்துக்காரச் சாமியார் மெழுகுதிரி மந்திரித்துக் கொடுத்தார். உனக்கும் ஒன்று வாங்கி வைத்திருக்கிறேன். தபாலில் அனுப்பினால் உடைந்துவிடும்.

அப்பாவைப் பற்றி எழுதுகிறேன், நீ முதலில் அதைத்தான் தேடுவாய். வலது கை அப்படியேதான் இருக்கிறது. கால் பரவாயில்லை. கோலை ஊன்றிக்கொண்டு மாட்டுத் தொழுவம் வரை போய், பசுவின் முதுகில் தட்டிவிட்டு வருகிறார். பேச்சுதான் வரமாட்டேன் என்கிறது. ரொட்டி என்று சொல்ல வாயெடுத்தால் கதவு என்று வருகிறது. அவருக்கே கோபம் வந்து மேசையைத் தட்டுகிறார். ஆனால் செபமாலையைக் கையில் எடுத்தால் "அருள் நிறைந்த மரியே" முழுக்க வருகிறது, ஓர் எழுத்துப் பிசகாமல்! பேச்சுப் பயிற்சி கொடுக்க வரும் பெண்ணிடம் இதை ஓடிப்போய்ச் சொன்னேன். அவள் சொன்னாள், "மனப்பாடமா உள்ளது தானா வந்துடும்மா. செபம், பாட்டு, ஒண்ணு ரெண்டு எண்றது, எல்லாம் அப்படித்தான். அவரு பேசறாருன்னு நெனச்சுக்காதீங்க." நான் விடுவேனா? "மாதாகிட்ட பேசறாரு இல்ல? எனக்கு அது போதும்" என்று சொல்லி அவளுக்கு இன்னொரு துண்டு கேக் வைத்தேன்.

கிறிஸ்துமசுக்கு நீ எழுதிய கடிதத்தை எத்தனை முறை படித்தேன் என்று எனக்கே தெரியாது. உன் வீட்டுக்குப் பக்கத்தில் உள்ள முதியோர் இல்லத்தில் அப்பாவின் பெயரைக் கொடுத்திருக்கிறாய். ஆகஸ்ட் கடைசியில் இடம் கிடைக்கும், அப்போது வந்து அழைத்துப் போவேன் என்று எழுதியிருந்தாய். அதற்கடுத்த வரி எனக்குப் பார்க்காமலே தெரியும். "இனி அவரை உங்கள் பொறுப்பில் விட எனக்குத் தைரியம் இல்லை, அத்தை." உன்மேல் எனக்குக் கோபமில்லை. நீ ஆஸ்பத்திரி மருந்தகத்தில் வேலை செய்கிறவள். நான் எட்டாம் வகுப்போடு பசு கறக்கப் போனவள்.

நடந்ததை நான் இதுவரை உனக்கு ஒழுங்காக எழுதவே இல்லை. எழுதவேண்டும்.

உன் அம்மா ஹெட்விக்கை அடக்கம் செய்த பிறகு அண்ணன் மூன்று வாரம் வாயைத் திறக்கவில்லை, உனக்குத் தெரியும். அப்போது நல்ல வாய் இருந்தும் பேசவில்லை. சாப்பாடும் இல்லை. மாதா விண்ணேற்புத் திருநாளுக்குக் கட்டிய மூலிகைக் கட்டு சிலுவை மாட்டிய மூலையில் தொங்கிக்கொண்டிருந்தது. அந்தக் கட்டோடு ஒரு கூடை நிறைய அருளப்பர் பூண்டையும் கோவிலில் வைத்து மந்திரித்து, காயவைத்து டப்பாவில் போட்டிருந்தேன். மனச்சோர்வுக்கு அதைத்தானே இந்தப் பள்ளத்தாக்கில் எல்லோரும் குடிக்கிறார்கள்? ஒரு நாளைக்கு மூன்று கோப்பை, நன்றாகச் சிவக்க ஊறவைத்து, ஐந்து வாரம் கொடுத்தேன். ரத்தம் உறையாமல் இருக்க அவர் மாத்திரை சாப்பிடுகிறார் என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் யோசிக்கவில்லை. மந்திரித்த செடி, மாதா கை பட்ட செடி, அது எப்படிக் கெடுதல் செய்யும் என்று இருந்துவிட்டேன். போன வருஷத்துக்கு முந்தின நவம்பரில் அவர் பக்கவாதம் வந்து தொழுவத்தில் விழுந்தார்.

நீ வந்து அலமாரியைத் திறந்து டப்பாவை முகர்ந்து பார்த்தாய். "அத்தை, இது அப்பாவோட மாத்திரைய வேலை செய்ய விடாது" என்றாய். சத்தம்கூடப் போடவில்லை. நீ சத்தம் போட்டிருக்கலாம், கண்ணு.

அதற்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமை தோறும் போன் வரும். "அப்பாகிட்ட குடுங்க." அவ்வளவுதான்.

நான் பாவசங்கீர்த்தனத்துக்குப் போனேன். சாமியார் சொன்னார், "தெரியாம செஞ்சது பாவமில்லம்மா." நான் கேட்டேன், "தெரிஞ்சுக்காம இருந்தது பாவம்தானே சாமி? அதுவும் நீங்க மந்திரிச்சுக் குடுத்ததுதானே அது?" அவர் கொஞ்ச நேரம் அந்தப் பக்கம் இருமிக்கொண்டிருந்தார். பிறகு சொன்னார், "நான் மந்திரிச்சது செடியத்தான்மா. உங்க அண்ணனோட மாத்திரைச் சீட்ட யாரும் எங்கிட்ட காட்டலியே. போய்த் தெரிஞ்சுக்கங்க. அதுதான் உங்களுக்குப் பரிகாரம்."

எனவே இப்போது ஒளிக்காமல் சொல்கிறேன். போன ஏப்ரலிலிருந்து, பதினைந்து நாளைக்கு ஒரு சனிக்கிழமை, நான் கன்னியர் மடத்துத் தோட்டத்தில் நடக்கும் மூலிகைப் பள்ளிக்குப் போகிறேன். இரண்டு கோடைக்காலப் படிப்பு. அந்த நாட்களில் பேச்சுப் பயிற்சிக்காரப் பெண்தான் அப்பாவோடு இருக்கிறாள்.

முதல் நாளே என் மானம் போனது. லுட்மிலா டீச்சர் என்று ஒருத்தி, முப்பத்து நான்கு வயது, உன்னைப் போல மருந்துப் படிப்பு படித்துவிட்டுச் செடிக்கு வந்தவள். ஒரு கூடையில் இலைகளைக் கொண்டுவந்து என் மடியில் வைத்து, சூப்புக்கு ஆகும் கரடிப் பூண்டு இலையைப் பிரித்தெடுக்கச் சொன்னாள். எனக்கா தெரியாது! ஒவ்வொன்றாகக் கசக்கி முகர்ந்தேன். எல்லாம் பூண்டு வாசம். எல்லாவற்றையும் ஒரே பக்கம் போட்டேன். டீச்சர் பார்த்துவிட்டுச் சாதாரணமாகச் சொன்னாள், "நொட்புர்காம்மா, நீங்க செத்துட்டீங்க. அடுத்தவங்க வாங்க." அதில் பாதி மே மணிப்பூவின் இலையாம், விஷம். முதல் இலையைக் கசக்கியபோதே பூண்டு வாசம் என் கையில் ஒட்டிக்கொண்டது. "அப்புறம் நீங்க முகர்ந்தது இலைய இல்ல, உங்க விரல" என்றாள்.

பஸ்ஸில் திரும்பும்போது வழியெல்லாம் கையை முகர்ந்துகொண்டே வந்தேன். அண்ணனுக்கு டீ போட்டபோதும் நான் என் விரலைத்தான் முகர்ந்தேன், இல்லையா?

நான் உன்னிடம் எதுவும் கேட்கவில்லை. ஆகஸ்டில் வா. அழைத்துப் போவதானால் அழைத்துப் போ. அதற்குள் நான் என்ன கற்றேன் என்று அவ்வப்போது எழுத மட்டும் விடு. கழுத்தில் துணி சுற்றாமல் வெளியே போகாதே. மாதா உன்னைத் தன் முந்தானையில் வைத்துக் காப்பாளாக.

உன் அத்தை
நொட்புர்கா


சேசு மரி சூசை துணை

ஜூன் 26

அன்புள்ள வெரேனாவுக்கு,

உன் பார்சல் வந்தது. எவ்வளவு கனம்! தபால்காரர், "என்ன புர்கிம்மா, அங்கேருந்து செங்கல் அனுப்பறாங்களா?" என்று கேட்டார். பிரித்துப் பார்த்தால் புத்தகம். எந்த மருந்தோடு எந்தச் செடி சேராது என்று அட்டவணை அட்டவணையாய். உள்ளே ஒரு சீட்டாவது இருக்குமா என்று தலைகீழாகப் பிடித்து உதறிக்கூடப் பார்த்தேன். இல்லை. பரவாயில்லை, கண்ணு. மேலே விலாசம் உன் கையெழுத்துத்தான். உறையைக் கிழிக்காமல் வெட்டியெடுத்து செபப் புத்தகத்துக்குள் வைத்திருக்கிறேன்.

இங்கே புல் அறுப்பு தொடங்கிவிட்டது. பசுக்கள் மேலே மலை மேய்ச்சலுக்குப் போய்விட்டன, அப்பாவுக்குத் தொழுவம் வெறிச்சென்று இருக்கிறது. காலையில் பழக்கத்தில் போய் நின்று பார்த்துவிட்டு வருகிறார். அருளப்பர் திருநாளன்று மலைமேல் நெருப்பு மூட்டினார்கள். அவரை நாற்காலியில் உட்காரவைத்து முற்றத்திலிருந்து காட்டினேன். பன்னிரண்டு நெருப்பு. ஒன்று, இரண்டு என்று நான் எண்ண ஆரம்பித்தேன். அவர் சேர்ந்துகொண்டு பன்னிரண்டு வரை தடங்கலில்லாமல் எண்ணினார். இது பேச்சில்லை என்று அந்தப் பெண் சொல்வாள். சொல்லட்டும்.

இனி பள்ளிக் கதை. எங்கள் வகுப்பில் பதினொரு பேர். என் பக்கத்தில் உட்காருவது ஹெர்மான், உனக்கு ஞாபகம் இருக்கும், முப்பது வருஷம் நம் பள்ளத்தாக்கு பஸ் ஓட்டியவர், நீ பள்ளிக்கூடம் போகும்போது உன் பையை வாங்கித் தன் காலடியில் வைத்துக்கொள்வாரே, அவர்தான். ஓய்வு பெற்ற பிறகு வீட்டில் மனைவியின் தொல்லை தாங்காமல் வந்ததாகச் சொல்கிறார். அவர் மனைவி, அவருடைய தொல்லை தாங்காமல் தான் அனுப்பியதாகச் சொல்கிறாள். லத்தீன் பெயர் படிக்க நான் ஒரு வழி கண்டுபிடித்திருக்கிறேன். செபமாலை மணிக்கு ஒரு பெயராக உருட்டிக்கொண்டே சொல்வேன். ஹெர்மான் பார்த்துவிட்டார். "புர்கி, மாதா குழம்பிடப் போறாங்க. நீ பேதிச் செடி பேர சொல்ற, அவங்க வேண்டுதல்னு எழுதி வச்சுக்குவாங்க." நான் சொன்னேன், "உங்களுக்காகத்தான் வேண்டிக்கறேன், வாயி கொஞ்சம் மூடட்டும்னு."

சிரித்தது அதுவரைதான். ஒவ்வொருவரும் ஒரு செடியைப் பற்றி வகுப்பில் பேசவேண்டும் என்று டீச்சர் தொப்பியில் சீட்டுப் போட்டு எடுக்கச் சொன்னாள். ஹெர்மானுக்குக் காஞ்சொறி வந்தது. எனக்கு என்ன வந்திருக்கும் என்று நீயே சொல்லிவிடுவாய். அருளப்பர் பூண்டு. சீட்டை மடித்து ஹெர்மான் பக்கம் தள்ளி, "மாத்திக்கலாமா?" என்றேன். அவர், "ஐயோ, காஞ்சொறி என் பொண்டாட்டி மாதிரி, எனக்குப் பழகிப்போச்சு, தரமாட்டேன்" என்றார். அவருக்கு என்ன தெரியும்?

அந்தப் பதினைந்து நாள் நான் பட்ட பாடு! வீட்டுக்குப் பின்னால் வேலி நெடுக அது பூத்து நிற்கிறது. அண்ணன் விழுந்ததிலிருந்து நான் அந்தப் பக்கமே போவதில்லை. போன வருஷம் திருநாள் கட்டில்கூட அதை வைக்கவில்லை. எட்டுச் செடிதான் கட்டினேன். ஏழு கட்டலாம், ஒன்பது கட்டலாம், பன்னிரண்டு கட்டலாம், எட்டு யார் கட்டுவார்கள்? கோவிலில் பின்வரிசைப் பெண்கள் என் கட்டை எண்ணிவிட்டு, "புர்கிக்கு எண்ணிக்கை மறந்துபோச்சு" என்று சிரித்ததை என் காதாலேயே கேட்டேன். எண்ணிக்கை எனக்கு நன்றாகவே தெரியும். ஒன்பதாவதைத் தொட என் கை போகவில்லை, அவ்வளவுதான். வேறொன்றை வைத்து ஒன்பதாக்கவும் மனம் வரவில்லை.

ஆனால் பேசாமல் முடியாது. போய் ஒரு கொத்துப் பறித்து வந்தேன். வகுப்பில் எல்லோர் முன்னாலும் நின்றேன். இலையை வெளிச்சத்துக்குப் பிடித்து உள்ளே ஊசிக்கண் போல ஓட்டை தெரிவதைக் காட்டினேன். மஞ்சள் மொட்டை நசுக்கினேன், விரல் சிவந்தது. அதுவரை புத்தகத்தில் உள்ளதுதான். அதற்குப் பிறகு எழுதி வைத்திருந்த தாளை மடித்துப் பைக்குள் போட்டுவிட்டு, என் அண்ணன் செவெரினுக்கு நான் என்ன செய்தேன் என்று சொன்னேன். மூன்று கோப்பை, ஐந்து வாரம், எல்லாம். டீச்சர் சொல்லிக்கொடுத்தபடியே சொன்னேன், இந்தப் பூண்டு ஈரலை ரொம்பச் சுறுசுறுப்பான வேலைக்காரி ஆக்கிவிடுகிறது, மாத்திரை உள்ளே வந்து உட்காருவதற்குள் பெருக்கி வெளியே தள்ளிவிடுகிறாள், மாத்திரை சாப்பிட்டும் சாப்பிடாதது போல ஆகிவிடுகிறது என்று. "மந்திரிச்சதுதானே, ஒண்ணும் செய்யாதுன்னு நெனச்சேன்" என்பதையும் சொன்னேன். தோட்டத்தில் ஒரு கன்னியாஸ்திரி வாளியில் தண்ணீர் பிடிக்கும் சத்தம் மட்டும் கேட்டது.

ஹெர்மான் அன்று வீடு வரை ஒரு நகைச்சுவையும் சொல்லவில்லை. எனக்குப் பயமாகவே இருந்தது. அடுத்த வகுப்பன்று டீச்சர் வருவதற்கு முன்பே வந்து உட்கார்ந்திருந்தார். சட்டைப் பையிலிருந்து ஒரு சீட்டை எடுத்து என் முன்னால் வைத்தார். இரண்டு பக்கமும் மாத்திரைப் பெயர். "இதயத்துக்கு நாலு, ரத்தத்துக்கு ரெண்டு. பொண்டாட்டி ராத்திரிதோறும் தூக்கத்துக்குன்னு ஒரு டீ குடுப்பா. டப்பாவுல என்ன எழுதியிருக்குன்னு நான் பாத்ததே இல்ல புர்கி. அன்னிக்கு வீட்டுக்குப் போனதும் பாத்தேன். உன் செடி அதுல இருக்கு." டாக்டரிடம் போய் ரத்தம் பார்த்துவிட்டாராம், நேரத்தோடு வந்தீர்கள் என்றாராம் டாக்டர். "உன்னால எங்க வீட்டு டீ டப்பா பூரா குப்பைக்குப் போச்சு. என் பொண்டாட்டி உன்மேல கோவமா இருக்கா. அதனால இத உங்கிட்ட குடுக்கச் சொன்னா" என்று ஒரு ஆப்ரிகாட் கேக்கை நீட்டினார்.

இதைப் பெருமைக்காக எழுதவில்லை. அந்த மனிதருக்குத் தெரிந்துகொள்ள ஒரு சனிக்கிழமை கிடைத்தது. என் அண்ணனுக்குக் கிடைக்கவில்லை. கேக்கை அப்பாவோடு பாதிப் பாதி சாப்பிட்டேன். அவர் கேக் என்று சொல்ல முயன்று "சூரியன்" என்றார். கேக்கும் மஞ்சளாகத்தான் இருந்தது.

ஜூலை கடைசியில் பரீட்சை. எனக்காக வேண்டிக்கொள்ளச் சொல்லமாட்டேன், நீ கோவில் பக்கம் போவதில்லை என்று தெரியும். இருந்தாலும் மனசுக்குள் ஒரு தரம் நினைத்துக்கொள், அதுவும் போய்ச் சேரும். கர்த்தர் உன் வாசலைக் காவல் காப்பாராக.

உன் அத்தை
நொட்புர்கா


சேசு மரி சூசை துணை

ஆகஸ்ட் 6

என் அன்பு வெரேனாவுக்கு,

போன ஞாயிற்றுக்கிழமை போனில் நீ, "நல்லா இருக்கீங்களா அத்தை?" என்று கேட்டாய். நான் எதுவும் சொல்லாமல் போனை அப்பாவிடம் கொடுத்துவிட்டேன் என்று தப்பாக நினைக்காதே. வாயைத் திறந்தால் அழுதுவிடுவேன் என்று இருந்தது. அதனால் இப்போது பதில் எழுதுகிறேன். நன்றாக இருக்கிறேன், கண்ணு. முட்டி மட்டும் கொஞ்சம் வலிக்கிறது. அதற்கு முட்டைகோஸ் இலை வைத்துக் கட்டுகிறேன். உன் புத்தகத்தில் பார்த்துவிட்டேன், அதனால் யாருக்கும் கெடுதல் இல்லை.

பரீட்சை முடிந்தது. நான் பாஸா ஃபெயிலா என்று கேட்டால், இரண்டும்தான்.

நீள மேசையில் நாற்பது செடி. வாசலில் நிற்கும்போது ஹெர்மான் கேட்டார், "புர்கி, பரலோகத்துல பேதுரு உன்னை லத்தீன்ல கேள்வி கேட்டா என்ன பண்ணுவ?" "அவரு மீன் பிடிச்சவரு, அவருக்கே லத்தீன் தெரிஞ்சிருக்காது" என்றேன். வாய் ஜம்பம் அங்கேயே நின்றுவிட்டது. நாற்பதையும் ஊர்ப் பெயரில் சரியாகச் சொன்னேன். லத்தீனில்தான் தடுக்கியது. முப்பத்திரண்டு வேண்டும், முப்பதுதான் எழுதியிருந்தேன். புதினாவின் பெயர், வெரேனா, புதினா! மேசைக்கு முன்னால் வரும்வரை நாக்கில் இருந்தது, பேனாவைத் தொட்டதும் போய்விட்டது. அக்டோபரில் திரும்ப எழுதவேண்டும்.

அடுத்தது ஆலோசனை. டீச்சரே நோயாளியாக வந்து உட்காருவாள், நாம் கேள்வி கேட்டு வழி சொல்லவேண்டும். பக்கத்தில் வெளியூர் டாக்டர் ஒருவர் நோட்டோடு இருந்தார். லுட்மிலா டீச்சர் தலையில் துணி கட்டிக்கொண்டு, தோளைத் தொங்கப் போட்டுக்கொண்டு வந்தாள். நாடகக்காரிதான். "புருசன் போய் ஒரு மாசம் ஆச்சும்மா. சோறு இறங்கல. மனசே சரியில்ல. உங்க கையால ஏதாவது ஒரு டீ குடுங்க" என்றாள்.

அவள் வேண்டுமென்றேதான் அதைக் கேட்டாள். என் கதை அவளுக்குத் தெரியும். நாற்காலியை அவள் பக்கம் இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். பிறகு, "என்ன மாத்திரை சாப்பிடறீங்க? சீட்ட காட்டுங்க" என்றேன். சீட்டை நீட்டினாள். மூன்றாவது வரியில் உன் அப்பாவின் மாத்திரை.

"அருளப்பர் பூண்டு நல்லதுன்னு எல்லாரும் சொல்றாங்களே" என்றாள்.

"நல்லதுதான். உங்களுக்கில்ல."

"ஒரே ஒரு கோப்பை. சாமியார் மந்திரிச்சதும்மா, ஒண்ணும் செய்யாது."

அவளை அறையலாமா என்று இருந்தது, உள்ளதைச் சொல்கிறேன். கையைக் கட்டிக்கொண்டு சொன்னேன், "மந்திரிச்சா அது வேற செடி ஆயிடாதும்மா. கடவுள் அதுக்குக் குடுத்த குணம் அதுலதான் இருக்கும். டீ வேண்டாம். இந்தச் சீட்டு எழுதின டாக்டர்கிட்ட உங்க மனசு சரியில்லங்கறதையும் சொல்லணும். தனியா போகப் பயமா இருந்தா நானும் கூட வரேன். அதுவரைக்கும் தினமும் உங்க பக்கத்துல உட்கார்ந்து சாப்பிடறேன், ஒரு வாயாவது சாப்பிடுவீங்க."

அந்த டாக்டர், "அப்ப மூலிகை எதுவுமே குடுக்க மாட்டீங்களா? இது மூலிகைப் பரீட்சையாச்சே" என்றார். "இவங்களுக்குக் குடுக்க மாட்டேன் ஐயா. ஃபெயில்னா ஃபெயில்னு எழுதிக்கங்க" என்றேன். ஃபெயில் என்று எழுதவில்லை. வகுப்பிலேயே அதிக மதிப்பெண் எனக்குத்தானாம். டீச்சர் தலைத்துணியை அவிழ்த்துவிட்டு என்னைக் கட்டிக்கொண்டாள்.

பெருமை போதும். இப்போது நான் எழுத வந்ததை எழுதுகிறேன்.

முந்தாநாள், லத்தீன் திரும்பப் படிக்கலாம் என்று திருநாள் கட்டுக்குரிய செடிகளைப் பறித்து வந்து சமையலறை மேசையில் வரிசையாக வைத்தேன். அப்பா எதிரே உட்கார்ந்து காபி குடித்துக்கொண்டிருந்தார். நடுவில் நிற்கும் ராசாமெழுகுதிரிச் செடி ஒன்று. மாசிபத்திரி இரண்டு. புதினா மூன்று, இந்த முறை பெயர் வந்தது. சீமைச்சாமந்தி, ஆயிரமிலைச் செடி, மரு, ரோஜா, கோதுமைக் கதிர். எட்டு. அங்கே நிறுத்தினேன், போன வருஷம் போலவே.

அப்பா, "ஒன்பது" என்றார்.

எண்ணிக்கை தானாக வருவதுதான் என்று அந்தப் பெண் சொல்லியிருக்கிறாளே. "ஆமாண்ணே, எட்டுக்கப்புறம் ஒன்பது" என்று சொல்லிவிட்டுத் தண்ணீர் கொண்டுவரத் திரும்பினேன். அவர் மேசையைத் தட்டினார். கோபத்தோடு இல்லை. கோலை எடுத்து எழுந்தார். பின்வாசல் வழியாக மெல்ல மெல்ல வேலிப் பக்கம் போனார். நான் பின்னாலேயே போனேன், தாங்கவும் பயம், தடுக்கவும் பயம். கோலை வேலியில் சாய்த்துவிட்டு, இடது கையால் பறித்தார். எந்தச் செடி என்று உனக்கு நான் எழுதவேண்டியதில்லை.

வந்து மேசையில் எட்டுக்குப் பக்கத்தில் வைத்தார். அவர் விரலெல்லாம் சிவப்பு. அந்த விரலால் என் கன்னத்தைத் தொட்டு, "புர்கி" என்றார். இந்த ஒன்றேமுக்கால் வருஷத்தில் என்னைப் பால் என்று கூப்பிட்டிருக்கிறார், ஹெட்விக் என்று கூப்பிட்டிருக்கிறார், ஒரு தரம் சாமியார் என்றுகூடக் கூப்பிட்டார். என் பெயர் வந்ததில்லை. அது எந்தச் செடி, என்ன செய்தது என்று நீ அவருக்கு ஆஸ்பத்திரியிலேயே சொல்லிவிட்டாய். அவருக்கு எல்லாம் தெரியும்.

நான் முகம் கழுவ வெகு நேரம் ஆயிற்று.

அவர் கோப்பையில் இப்போது காபியும் பாலும் தண்ணீரும் தவிர எதுவும் போவதில்லை. மாத்திரைச் சீட்டு அடுப்புக்கு மேலே, மாதா படத்துக்குப் பக்கத்தில் ஒட்டியிருக்கிறது. அந்த டப்பாவை நான் எறியவில்லை. காலியாக்கிக் கழுவி அதில் டாக்டர் சீட்டுகளை வைத்திருக்கிறேன்.

அவருடைய சட்டைகளைத் துவைத்து, பொத்தான் இல்லாததற்குப் பொத்தான் தைத்து, பெட்டியில் அடுக்கிவிட்டேன். குளிர்கால உள்சட்டை நான்கு. சவரக் கத்தி மேலே இருக்கிறது. நீ அழைத்துப் போவதானால் தேடவேண்டியிருக்கக் கூடாது என்றுதான். அவருக்கு என்ன விருப்பம் என்று நான் எழுதமாட்டேன். அது என் வாயால் வரக்கூடாது. நீ அவர் முன்னால் உட்கார்ந்து கேள். நேரம் கொடுத்துக் கேள், முதலில் வேறு வார்த்தைதான் வரும்.

ஒன்று மட்டும் கேட்கிறேன். ஆகஸ்ட் கடைசிக்குப் பதிலாகப் பதினாலாம் தேதியே வர முடியுமா? மறுநாள் திருநாள், அன்று மாலையே கட்டுக் கட்டவேண்டும். ஒன்பதும் இருக்கும். ஆறு வயதிலிருந்து அந்த நீல நாடா முடிச்சு உன் கையால்தான். நான் போன வருஷம் போட்ட முடிச்சு கோவிலுக்குப் போய்ச் சேருவதற்குள் அவிழ்ந்துவிட்டது. அப்பாவால் ஒற்றைக் கையால் பிடித்துக்கொள்ள முடியும், கட்ட முடியாது. என்னாலும் கட்ட முடியும் என்று தோன்றவில்லை.

பஸ் நாலரைக்கு வரும். ஹெர்மான் ஓட்டுவதில்லை என்றாலும் அந்த நேரத்துக்கு நிறுத்தத்தில் வந்து நிற்கிறேன் என்று சொல்லியிருக்கிறார், உன் பையைத் தூக்க. நானும் அப்பாவும் பெஞ்சில் உட்கார்ந்திருப்போம். மெழுகுதிரியும் எடுத்து வைத்திருக்கிறேன்.

மகளே, பரலோக மாதா உன் வழியெல்லாம் கூட வந்து, உன்னைப் பத்திரமாக எங்கள் வாசலில் இறக்கிவிடுவாளாக. நாடாவை இஸ்திரி போட்டு, மேசையில், உன் நாற்காலிக்கு எதிரே வைத்திருக்கிறேன்.

உன் வருகையை எதிர்பார்க்கும் அத்தை
புர்கி